குருவி செத்த சேதி

கேபிள் என் கையில இருக்கு. சொருகினா சேதி போயிரும், சொருகலைன்னா போகாது, இதுல யோசிக்க என்ன இருக்குன்னு கேக்கிறவங்க இந்தப் பிளாஸ்டிக் சேர்ல வந்து உக்காந்து பார்க்கட்டும். பெட்டிக்கு நெட்டு கொண்டுவர்ற நீலக் கேபிள், முனையில சின்னதா ஒரு கொக்கி, அமுக்கி இழுத்தா கழண்டுக்கும், அமுக்கி இழுத்தது நான்தான், குருவி விழுந்த அந்த நிமிஷமே இழுத்துட்டேன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காலமெல்லாம் வேலை பார்த்த கை, இழுக்கிறதுக்கும் சொருகறதுக்கும் மூளைகிட்ட உத்தரவு கேக்காது. டிவியில அந்தப் பாலம் இன்னும் எரிஞ்சுட்டிருக்கு. அதுக்குக் கீழ ஒரு வரி வந்து நிக்குது, இணைப்பு இல்லை, இணைப்பு கிடைத்ததும் சேமிக்கப்படும்னு. சேமிக்கிறியா, எதைச் சேமிக்கிற, எம்புள்ள மாதிரி மூஞ்சி வெச்ச ஒருத்தி செத்துக் கிடக்கிறதையா, அதை அயர்லாந்து வரைக்கும் அனுப்பி அங்க எம்புள்ளையைக் கூப்பிட்டுக் காட்டப் போறியா. அடுப்புல குக்கர் கத்துது, கத்தட்டும், பருப்பு குழைஞ்சா குழைஞ்சுட்டுப் போகுது. அவர் உரக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருப்பாரு, சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்து கேட்டைத் திறப்பாரு. அங்க இப்பத்தான் விடியும். நிறைமாசக்காரிக்குத் தூக்கம் ஏது, விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, வயித்தைப் பிடிச்சுட்டு, மெத்தையில சாஞ்சு, முதல் வேலையா இதே மாதிரி அங்க இருக்கிற வீடியோ கேம் பெட்டியைத்தான் போடுவா. போட்டா என்ன இருக்கும்? மாரியாத்தா, போட்டா என்ன இருக்கும்?

கழுதை வயசாச்சு, பொம்மை ஆடிட்டிருக்கான்னு அவர் சொல்லுவாரு. பொம்மைதானுங்க, யாரு இல்லைன்னா. ஆனா அந்தப் பொம்மைக்கு மூஞ்சி செஞ்சது தாரணி, பிளஸ் ஒன் படிக்கும்போது, நான் டியூட்டி முடிச்சு வந்து பக்கத்துல உக்காந்து அவரைக்காய் நறுக்கிட்டிருக்கேன், இவ மூக்கை இழுக்கறா, கண்ணைச் சின்னது பண்றா, கடைசியில தாடையில ஒரு மச்சம் வெச்சா, தன்னோட மச்சம், அதே இடத்துல. பேரு குருவின்னு அடிச்சா. வில்லுக்காரி. துரும்பாட்டம் இருந்துட்டு அவ ஓடற ஓட்டம்! "அம்மா, இந்தக் கேடயக்காரியை நீ புடிச்சுக்கோ, குண்டா இருக்கா, உனக்குச் சரியா இருக்கும்"னா, கொழுப்பைப் பாருங்க. அப்படித்தான் நான் கேடயக்காரியானேன். ஒருத்தி அடி வாங்கணும், ஒருத்தி அம்பு விடணும், அதுதான் கணக்கு. திரும்ப எடுக்கிற வசதியே வேண்டாம்னு அன்னைக்கே ஏதோ ஒண்ணை அமுக்கிட்டா, ஒரே உயிர், போனா போனதுதான், "அப்பத்தான்மா பயமிருக்கும், பயமிருந்தாத்தான் பாசமிருக்கும்"னு பெரிய மனுஷியாட்டம் பேசினா. சொன்னபடிதான் ஆச்சு. முதல் பாகத்துல ஒரு கிழட்டு லாடக்காரன், குதிரைக்கு லாடம் அடிச்சுக் குடுக்கறவன், எங்ககூடவே வந்தவன், நாங்க ரெண்டு பேரும் எதுவோ பேசிச் சிரிச்சுட்டு அவனைப் பின்னாடி பார்க்காம விட்டுட்டோம், ஓநாய் அடிச்சுப்போட்டுச்சு. சரி, ஒரு ஆள் குறைஞ்சான்னு போனோம். ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டாம் பாகம் வந்து ஒரு ஊருக்குள்ள நுழைஞ்சா, லாடக்காரன் மக வாசல்ல நிக்கறா, எங்கப்பனை எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு கேட்டுட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தறா. அதுக்கப்புறமேல்ட்டு அந்த ஊர்ல ஒருத்தன் எங்க குதிரையைத் தொடலை. ரெண்டாம் பாகம் பூராவும் நடையா நடந்தோம். தாரணி அன்னைக்கு அழுதா, பொம்மைக்காக அழுதா, நானும் வெங்காயம்னு சொல்லிட்டு அழுதேன். இந்த ஆட்டத்துக்கு மறதியே கிடையாது. எங்க வீட்டு மனுஷனுக்கும் கிடையாது.

பத்திரிகை குடுத்து முடிச்ச பொறகு கல்யாணம் வேண்டாம்னுட்டா. சும்மா சொல்லலை, அந்த மாப்பிள்ளை ஃபோன்ல கத்தின கத்தலை ஸ்பீக்கர்ல போட்டு எங்க ரெண்டு பேரையும் கேக்க வெச்சா. நான் கேட்டேன். இவரும் கேட்டாரு, "கோபம் வந்தா எல்லா ஆம்பளையும் கத்தத்தான் செய்வான்"னுட்டாரு. தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக் கும்பிட்டுக் கூப்பிட்டு வந்த வீடு ஒவ்வொண்ணுக்கும் வெறுங்கையோட திரும்பப் போனாரு, வேண்டாம்னு சொல்றதுக்கு. அது பெரிய கொடுமைதான், நான் இல்லைன்னு சொல்லலை, அவர் சட்டை வேர்வையில நனைஞ்சு வந்து நின்னது இப்பவும் கண்ணுல இருக்கு. அப்புறம் அவளுக்கு அயர்லாந்துல வேலை கிடைச்சுக் கிளம்பினா. பெட்டியோட ஹால்ல நிக்கறா, "அப்பா, போயிட்டு வரேன்"கிறா. அவர் தலையைத் தூக்கலை. "போ"ன்னாரு. அவ்வளவுதான். பெத்த பொண்ணு வாசல்படி தாண்டும்போது வெறும் போ. கேஸ் சிலிண்டர் போடற பையனுக்குக்கூட நாங்க போயிட்டு வாப்பான்னுதான் சொல்லுவோம். எழவு வீட்டுல மட்டுந்தான் அந்த வார்த்தை கிடையாது, அங்க வரேன்னும் சொல்லக்கூடாது, வான்னும் சொல்லக்கூடாது, பேசாம எந்திரிச்சு வந்துரணும். அவ அந்த மாதிரி பேசாமத்தான் போனா. நான் ஓடிப்போய்ச் சொல்றதுக்குள்ள கார் திரும்பிருச்சு. அடுத்த ஒரு வாரத்துல நெஞ்சைப் பிடிச்சுட்டுச் சாஞ்சுட்டாரு மனுஷன், மூக்குல குழாய், கையில குழாய், கண்ணுல தண்ணி ஓட, "அவகிட்ட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொல்லு வசந்தா, நீ பேசினா என் உயிர் நிக்காது"ங்கிறாரு, கையை நீட்டறாரு. நான் என்ன பண்ணுவேன், அந்தக் கை சில்லுனு இருக்கு, அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டேன். கட்டின தாலி மேலயும் பெத்த வயித்து மேலயும் ஒரே கையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. பேசலை. எழுதலை. அங்கியே கூட வேலை பார்க்கிற மலையாளத்துப் பையனைக் கட்டிக்கிட்டான்னு கடைவீதியில அவ சிநேகிதி சொல்லித்தான் தெரியும், தலையைக் குனிஞ்சுட்டு வந்துட்டேன். அந்தப் புள்ளை போறபோக்குல நம்பரையும் ஒருக்கா சொல்லிட்டுப் போச்சு. எழுதி வெக்கலை. எக்ஸ்சேஞ்சுக்காரிக்கு நம்பர் காதுல விழுந்தாப் போதும்.

அப்புறம் ஒரு நாள் தூசி தட்டும்போது இந்தப் பெட்டியைச் சும்மா போட்டுப் பார்த்தேன். குருவி ஒரு மலை மேல நிக்கறா. நாங்க விட்ட இடம் அதில்லை. நாங்க விட்டது ஒரு ஆத்தங்கரையில, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பா ஒரு போர்வை போர்த்திருக்கா, புதுசு, அதையும் நான் வாங்கலை. கையில இருந்த துணி கீழ விழுந்துருச்சு. எங்கியோ எட்டாத ஊர்ல உக்காந்து எம்புள்ளை இதே ஆட்டத்தை ஆடிட்டிருக்கா, அவ விட்ட இடம் இங்க வந்து நிக்குது. நான் கேடயக்காரியை நடக்க வெச்சு அவகிட்டக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன், கூடாரத்துக்கு முன்னாடி தீ மூட்டினேன், பெட்டியை நிறுத்தினேன். மறுநாள் பார்த்தா அங்க தீ மூட்டின இடத்துக்குப் பக்கத்துல கேடயக்காரிக்கு ஒரு குல்லா வெச்சிருக்கா. சத்தியத்துல பேச்சுன்னுதானுங்க இருந்துச்சு, ஆட்டம்னு யாரு சொன்னா? அன்னைக்கிருந்து இதுதான். நான் பகல்ல ஆடி முடிச்சுத் தீ மூட்டி வெப்பேன், தீ எரிஞ்சா அவ முறை, அவ ஆடி முடிச்சுத் தீயை அணைச்சு வெப்பா. தீ எரியலைன்னா தொடமாட்டா. எனக்குக் காய்ச்சல் வந்து, தீ மூட்டி வெச்சதோட ரெண்டு நாள் போடாம இருந்தப்போ, அவ முறையை முடிச்சுக் குருவியைக் கொண்டுவந்து கேடயக்காரி கால்மாட்டுல உக்கார வெச்சுட்டுப் போயிருந்தா. மூணாவது பாகத்துல ஒரு இடிஞ்ச வீட்டுல ஒரு குழந்தைத் துணி கிடைக்கும், எதுக்கும் ஆகாது, விலைக்கும் போகாது, அதை என் பையில எடுத்து வெச்சிருந்தா. நான் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துட்டே இருந்தேன், அப்புறம் சமையக்கட்டுக்குள்ள ஓடிப்போய் மிக்ஸியை வெறுமனே ஓட விட்டுட்டு அழுது தீர்த்தேன். பால்கோவா கிண்டினேன், அன்னையிலிருந்து அவ மாசத்தை விரல் விட்டு எண்ணிட்டு வர்றேன். "என்ன விசேஷம்"னாரு. பால் மிச்சமாயிருச்சுன்னேன். கட்டுச்சோறு நான்தானே கொண்டு போகணும், பெத்தவதானே விதவிதமாச் சோறு கட்டிக் கொண்டுபோய்ப் புள்ளைக்கு ஊட்டிக் கூட்டிட்டு வரணும், அதனால கூடாரத்துப் பெட்டியில ரொட்டி, தேன், பழம், சுட்ட மீன், கிடைச்சது அத்தனையும் நிரப்பி வெச்சேன். மறுநாள் பெட்டி காலி. குருவி அத்தனையும் தின்னிருக்கா, ஒரு பருக்கை மிச்சமில்லை. அந்தக் குருவியைத்தான் இன்னைக்கு நான் கொன்னுபோட்டேன்.

எப்படிக் கொன்னேன், அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கறேன். கோட்டையில தீ பிடிச்சாச்சு. புள்ளைங்க நாலஞ்சு பேரு உள்ள மாட்டியிருக்கு. குருவி வந்து என் முன்னால நிக்கறா, பாலத்துக்கு அக்கட்ட கொண்டுபோய் இவங்களை விடணும், உத்தரவு குடுங்கறா. கீழ ரெண்டு வரி வருது. போ. அது ஒண்ணு. போய்விட்டு வா. அது இன்னொண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்குங்க, நீங்களே சொல்லுங்க, எந்தத் தாயி முதலாவதை அமுக்குவா? எனக்கு அந்த வெறும் போவைப் பார்த்ததும் பத்திட்டு வந்துச்சு, அன்னைக்கு ஹால்ல கேட்ட அதே வார்த்தை, மூதேவி வார்த்தை, படக்குனு கீழ இருக்கறதை அமுக்கினேன். போயிட்டு வா சாமி, பத்திரமாப் போயிட்டு வான்னு வாய்விட்டும் சொன்னேன். போனா. பாலம் தாண்டிட்டா! தாண்டிட்டாளே, அதுதானே தாங்க முடியலை, அந்தக் கரையில நிக்கறா, புள்ளைங்களை இறக்கி விட்டுட்டா, அங்க தீ இல்லை, புல்லு இருக்கு, ஒரு மரம் இருக்கு. அங்கியே நின்னிருந்தா நாலாம் பாகத்துல கல்லாட்டம் வந்து நின்னிருப்பா. திரும்பினா. நான் வான்னு சொல்லியிருக்கேனாமா, அதனால வர்றா. வேண்டாண்டி, அங்கியே இருடின்னு கத்தறேன், எந்தப் பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யலை, பாலம் பாதியில மளார்னு விட்டுது. எப்படியோ தொத்திக்கிட்டு, பாதி எரிஞ்சு, தவழ்ந்து வந்து கேடயத்து மேல சாஞ்சா. கண்ணைத் திறந்து பார்க்கறா. "வரச் சொன்னியே, வந்துட்டேன்"னா. தாடையில அந்த மச்சம். அதுக்கப்புறம் அந்தக் கண்ணு அசையலை, படம் நின்னு போச்சோன்னு நெனச்சேன், தீ மட்டும் ஆடிட்டே இருந்துச்சு.

மாசமா இருக்கறவ காதுல சாவுச் சேதி விழக்கூடாது. பக்கத்துத் தெருவுல எழவுன்னாக்கூட ஜன்னலைச் சாத்தி, பறைச் சத்தம் கேக்காம டிவியைச் சத்தமா வெப்போம். என் தம்பி பொண்டாட்டிக்கு அவ தாத்தா போனதையே குழந்தை பொறந்து முப்பது நாள் கழிஞ்சுதான் சொன்னோம். இங்க என்னன்னா செத்தவளுக்கு இவ மூஞ்சி, இவ மச்சம், கொன்னவ இவ அம்மா. நிறைமாசம். ஏதோ ஒண்ணு ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, வாயில எதுக்கு வருது இது, தூ, தூ, ஒண்ணும் ஆகாது, ஆகவே ஆகாது, ஆனா ஆச்சுன்னா? பாலம் தாண்டினவளை வா வான்னு கூப்பிட்டுக் கொன்னவ நானுல்ல. சொருகமாட்டேன். சொருகாம இருந்தா அவ பெட்டியில குருவி நேத்து நின்ன இடத்துலயே உசிரோட நிப்பா. நிப்பா, ஆனா தீ எரியாது. தீ எரியலைன்னா ஒரு நாள் பார்ப்பா, ரெண்டு நாள் பார்ப்பா, அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனப்பா, அப்பாவுக்குத்தான் ஆயிருச்சுன்னு நெனப்பா, அந்த வயித்தோட உக்காந்து அழுவா, யாரைக் கேப்பா, எங்க வீட்டு நம்பருக்கு அடிக்கவும் மாட்டா, அவ அப்பன் பொண்ணு. அவளே ஒருக்கா தீயை மூட்டி ஆடித் தொலைச்சான்னா அவ ஆடினதை வெச்சுக்கிட்டு, குருவி செத்த என் ஆட்டத்தைத் தூக்கிப் போட்டிரலாம், பெட்டி எது வேணும்னு கேக்கும், எனக்குத் தெரியும். ஆடமாட்டா. என் முறை முடியாம அவ ஆடினதே இல்லை, ஒழுங்குக்குப் பொறந்தவ. பெட்டியைத் தூக்கித் தரையில போட்டு உடைச்சிரலாமா? உடைச்சாலும் தீ எரியாது. தீச்சட்டி எடுக்கறேன் தாயேன்னு வேண்டிக்கலாமா? ஏற்கெனவே ஒரு சத்தியம் கழுத்தைப் பிடிச்சு நெரிக்குது, இன்னொண்ணா? இதுக்கு நடுவுல ஒரு நெனப்பு வந்து முள்ளாட்டம் மாட்டிக்கிச்சு, எடுக்க எடுக்க உள்ள போகுது. அவர் போன்னாரு. போன்னு சொன்னதுனால அவ அக்கரையில நல்லா இருக்கா, வேலை பார்க்கறா, பையனைக் கட்டியிருக்கா, வயித்துல புள்ளை இருக்கு. வான்னு ஒருத்தி சொல்லியிருந்தா திரும்பி வந்திருப்பா, அந்தக் கத்தறவன்கிட்டக் கொண்டுபோய்த் தள்ளியிருப்போம், நாங்க ரெண்டு பேருமே சேர்ந்து தள்ளியிருப்போம். அப்போ அந்த மனுஷன் சொன்னதுதான் சரியா? வெறுத்துச் சொன்னது காப்பாத்திருச்சு, ஆசையாச் சொன்னது கொன்னுருச்சா? இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவர்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசினதில்லையே. குக்கர் கத்தறது நின்னு போச்சு, தண்ணி வத்திருச்சுன்னு நெனக்கறேன், தீயற நாத்தம் வருது, எந்திரிச்சுப் போய் நிறுத்தணும்.

போய் நிறுத்திட்டு வந்தேன். பருப்பு அடிப்பிடிச்சுக் கரியா இருக்கு, இன்னைக்கு ரசம்தான், அவர் கேக்கட்டும். கேபிளைக் கையோடயே எடுத்துட்டுப் போயிருக்கேன், கிறுக்கச்சியாட்டம். டிவியில குருவி அப்படியேதான் கிடக்கறா. எக்ஸ்சேஞ்சுல பிலோமினா மேடம்னு சூப்பர்வைசர், சிடுமூஞ்சி, தலைவலின்னு சொன்னாக்கூட லீவு தராது. அந்தக் காலத்துல டிரங்க் கால் புக் பண்ணிட்டு ஜனங்க மணிக்கணக்கா உக்காந்திருக்கும், கல்யாணம், வியாபாரம், காதல், எல்லாம் வரிசையில. சாவுன்னு ஒரு வார்த்தை வந்தா மட்டும் மேடம் எந்திரிச்சு வந்து நிக்கும், "எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த லைனைக் குடு புள்ள"ன்னு சொல்லும். மத்த சேதியை ஆறப்போடலாம், இதை வெச்சுக்கிட்டு நாம தூங்கக்கூடாதுன்னு சொல்லும். நான் குடுத்திருக்கேன், எத்தனையோ லைனு. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அப்புறம் ஒரு குரல் வரும், அந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்துல இருந்து இன்னொரு குரல் வரும், அழுவாங்க, ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து அழுவாங்க. தந்தியில போன சாவுக்கு அது கிடையாது. தந்தியை வாங்கினவ தனியா நின்னு படிச்சுத் தனியா விழுவா. இந்தக் கேபிளும் தந்திதானே. சொருகினா அவ தனியாப் படிப்பா. சொருகலைன்னா படிக்க ஒண்ணுமில்லாமத் தனியா இருப்பா. ரெண்டுலயும் தனியாத்தான் இருப்பா. வாயால சொல்லணும், இல்லைன்னா சொல்லவே கூடாது. வாயைத் திறந்தா அவர் உயிர் நிக்காதுன்னு கையில அடிச்சிருக்கேன். நிக்காமப் போச்சுன்னா? அந்தச் சில்லுனு இருந்த கை. உரக்கடையில நல்லாத்தானே உக்காந்திருக்காரு, காலையில ரெண்டாவது காபி கேட்டுச் சண்டை போட்டாரே. ஒரு கையில இவர், ஒரு கையில அவ, எதை விட்டாலும் நான்தான் விட்டவ. கேபிளை மடியில போட்டேன். ஃபோன் எடுத்த கையைப் பார்த்தேன், அது பாட்டுக்கு நம்பரை அடிச்சுட்டிருக்கு, சொன்னேனே, எக்ஸ்சேஞ்சுக் கை, உத்தரவு கேக்காது.

மணி அடிக்குது. நம்மூர் மாதிரி இல்லை, ஒரு மாதிரி இழுத்து அடிக்குது. எடுக்காம இருந்தாத் தேவலைன்னு ஒரு பக்கம், எடுடின்னு ஒரு பக்கம். எடுத்துட்டா. இங்கிலீஷ்ல யாருன்னு கேக்கறா. அந்தக் குரல், நான் நெனச்சு வெச்சிருந்ததைவிடக் கொஞ்சம் கனமா இருக்கு.  எனக்கு வந்தது பழைய வேலைக் குரல்தான், "ஈரோட்டுல இருந்து பேசறேன்"னேன். அந்தப் பக்கம் எதுவோ கீழ விழற சத்தம். அப்புறம், "அப்பாவுக்கு என்ன?"ன்னு ஒரு கத்தல்.

"அவருக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்காரு, உரக்கடைக்குப் போயிருக்காரு. குருவி செத்துட்டா."

"என்ன?"

"குருவி. பாலம் எரிஞ்சு செத்துட்டா. நான்தான் போயிட்டு வான்னு சொல்லிப்போட்டேன். போன்னு சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பா. தாண்டிட்டா கண்ணு, அந்தக் கரைக்குப் போயிட்டா, நான் வரச் சொன்னேன்னு திரும்பி வந்தா. நீ பார்த்து மனசு உடைஞ்சிருவேன்னு கேபிளைப் பிடுங்கி வெச்சிருக்கேன். உனக்கு ஒண்ணுமில்லையே? வயித்துல அசையுதா?"

அழறாளா சிரிக்கறாளான்னு தெரியலை, ரெண்டும் கலந்து மூச்சு மூச்சா வருது. "அம்மா, இதுக்கா ஃபோன் பண்ணே? அவ செத்தாத்தான் நீ பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா நானே எப்பவோ கொன்னிருப்பேனே"ன்னா. அடிப்பாவி, கொழுப்பு அப்படியே இருக்கு பாருங்க. அப்புறம் நடுவுல பேச்சை நிறுத்திட்டு ஒரு மாதிரி முனகினா. எனக்குத் தெரியும் அந்த முனகல், எந்தப் பொம்பளைக்குத்தான் தெரியாது.

"வலி வந்துருச்சாடி?"

"விடியறதுக்கு முன்னாடியிருந்து விட்டு விட்டு வருதும்மா. ஷிபு வண்டி எடுக்கப் போயிருக்கான். பையெல்லாம் வாசல்ல இருக்கு. தீ எரியுதான்னு பார்த்துட்டுக் கிளம்பலாம்னுதான் உக்காந்திருந்தேன்." மூச்சை இழுத்து விட்டா. "நீ கேபிளைச் சொருகி வைம்மா. அவ போயிட்டா, சரி. அவ இறக்கி விட்ட புள்ளைங்க இருக்குல்ல, அடுத்த பாகத்துல அதுங்க வளர்ந்து வந்து நம்மளைக் கேக்குமில்ல. பார்க்கலாம். வந்து பார்க்கறேன்." அங்க யாரோ கூப்பிடறது கேக்குது, வண்டி உறுமறது கேக்குது. "கிளம்பறேன்மா. போகட்டுமா?"

 போன்னு சொல்லமாட்டேன், செத்தாலும் சொல்லமாட்டேன். வான்னு சொல்லவும் பயமா இருக்கு, டிவியில அவ கண்ணைத் திறந்துட்டுக் கிடக்கறா, வரச் சொன்னியேங்கிறா. பேசாம வெச்சிரலாம்னா அது எழவு வீட்டுப் பழக்கம். மடியில கிடந்த கேபிளை எடுத்து விரல்ல சுத்தறேன், அவுக்கறேன்.

"அம்மா?"ன்னா. "இருக்கியா? சொல்லும்மா. அப்பா அன்னைக்குப் பாதிதான் சொன்னாரு. மீதியை நீயாவது சொல்லு."

வாசல்ல கேட்டுக் கொண்டி விழற சத்தம். செருப்புச் சத்தம் படியேறி, கதவுகிட்ட வந்து நின்னு போச்சு. அவருக்குக் கேக்கும். கேக்கட்டும். "வா"ன்னேன். காத்துத்தான் வந்துச்சு, அவளுக்குக் கேட்டிருக்காது. அதனால இன்னொருக்கா, தெருவுக்கே கேக்கிற மாதிரி, "வா கண்ணு, வா சாமி, வந்துரு"ன்னு கத்தினேன். அவர் செருப்பைக் கழட்டாம அங்கியே நின்னுட்டிருந்தாரு.